கழுகுமலைக் கடையில் காலிப் பெட்டிகள்

புரட்டாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கழுகுமலைப் பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவிலைப் பார்க்கவென்றே கிளம்பினேன். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு இருபது கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இருபது ரூபாய். மலையேறும் முன் காபி குடிக்கலாமென்று என் கல்லூரி நண்பன் முருகேசனின் டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் போனேன். பாதி நாள் அங்கேயே போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

போன முறை வந்தபோது கடைக்குள் கால் வைக்க இடமில்லை. இப்போது தரை தெரிந்தது. எல்லாம் அவன் மனைவி செல்வியின் வேலை. நகராத சரக்கைக் கழித்துவிட்டு, வாராவாரம் திருநெல்வேலியிலிருந்து வேண்டியதை மட்டும் வரவழைக்கிறார். முன்பு பத்து லட்சம் சரக்கில் முடங்கிக் கிடந்து, வருஷ லாபம் இரண்டு லட்சம். இப்போது ஐந்து லட்சம் சரக்கிலேயே அதே இரண்டு லட்சம் வருகிறது. போட்ட முதலுக்கு வரும்படி நூற்றுக்கு இருபதாக இருந்தது நாற்பதாகிவிட்டது. மீந்த பணத்தில், வாடகைக்கு விட, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஒன்று வேறு வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் அலமாரிகள் மட்டும் உச்சிவரை நிறைந்திருந்தன. ஒரு பெட்டியைத் தொட்டேன், ஆடியது. எல்லாமே காலி அட்டைப்பெட்டிகள்!

"ஏலே, சத்தம் போடாத," என்றான் முருகேசன். "அலமாரி காலியாக் கெடந்தா கடைய மூடப்போறான்னு ஊரு பேசுது. வாடிக்கையா வார ஆளுக ரெண்டு பேரு கோவில்பட்டி கடைக்கே போய்ட்டாவ."

"வேண்டாம்னு சொல்லுதேன், இவிய கேக்கவே மாட்டேங்காவ," என்றார் செல்வி. "ஒருநா எல்லாரு முன்னாலயும் மானம் போவப் போவுது."

அந்த நாள் அன்றைக்கே வந்துவிட்டது. விதைப்புக்கு நடுவில் கலப்பையின் இரும்பு முனையான கொழு ஒடிந்து, ஒரு விவசாயி டிராக்டரை வாசலில் நிறுத்தினார். வானம் வேறு கறுத்திருந்தது. "தம்பி, மழைக்குள்ள முடிக்கணும்," என்றவர், முருகேசன் தடுக்கும் முன் கொழுப் படம் போட்ட பெட்டியை எட்டி எடுத்துவிட்டார்.

"வெறும் பெட்டில்லா இது!"

முருகேசன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செல்விதான் மேசைக்கு அடியிலிருந்து புதுக் கொழுவை எடுத்து நீட்டினார். "சாமான் இங்கன இருக்கு அண்ணாச்சி. விதைப்பு முடியுத வரைக்கும் இத மட்டும் கொறைக்கவே மாட்டோம். பெட்டியெல்லாம் ஊருக்குக் காட்ட வச்சது."

விவசாயி கொழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார்.

"அப்ப அதுல ரெண்டு பெட்டி குடும்மா. கோழி அடை வைக்கணும்."

நாங்கள் சிரித்து முடிக்க வெகுநேரமானது. முருகேசன் தானே ஏணியைப் போட்டு ஏறினான். நான் கீழே நின்று காலிப் பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன்.

மலைக்கு நாலு மணிக்கு மேல் ஏறுங்கள், பகலில் பாறை சுடும். தண்ணீர் கையோடு இருக்கட்டும். வழியில் டிராக்டருக்கு ஏதாவது வேண்டியிருந்தால் முருகேசன் கடைக்குப் போங்கள். அலமாரி காலியாக இருக்கும். பயப்படாமல் கேளுங்கள்.