மூன்றாவது தோட்டாவில் நின்ற பிஸ்டல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் சேலத்தில் ஒரு போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். கையில் ஓர் அரம் இருந்தால் எந்தத் துப்பாக்கியையும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற மண்டைக்கனம் அப்போது எனக்கு நிறையவே உண்டு. யாராவது குறுக்கே பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி தம்மோடு ஓர் ஆட்டோமாட்டிக் பிஸ்டலைக் கொண்டுவந்தார். விசையை இழுக்க இழுக்க ஒவ்வொரு தோட்டாவாக வெடிக்கும். வெடித்த தோட்டாவின் காலிக் குப்பி தானாக வெளியே துள்ளும், அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறும். ரிவால்வரோடு காலம் தள்ளிய எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அந்த வாரமே ஆயுதபூசை. கிடங்கில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது நான்தான். அந்தப் பிஸ்டலுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். வைத்த பொட்டை நாங்கள் துடைப்பதில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம்.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு வெளியே குன்றடியில் பிஸ்டலைச் சுட்டுப் பார்க்கப் போனோம். மேலே பொட்டு பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. அதிகாரியின் கையில் கொடுக்கும்முன் மேலோட்டமாக ஒரு துணியால் துடைத்தேன். தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்தவர் ஏட்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். சிவப்புக் கொடியை ஏற்றியதும் அந்தப் பக்கம் போக வந்த மேச்சேரி ஆட்டுக் கூட்டம் தூரத்திலேயே நின்றுவிட்டது.

முதல் தோட்டா போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் காலிக் குப்பி வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டுச் சுட்டால் மறுபடியும் மூன்றாவதில் நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார். முந்தின வாரம் நல்ல மழை. யோசிக்காமல் சொல்லிவிட்டேன், "தோட்டா நனஞ்சிருக்குங்க. மருந்துல வேகம் இல்ல."

"பெட்டி யார் பொறுப்பு?"

ஏட்டு ஓரடி முன்னால் வந்தார். "என் பொறுப்புங்க." அவ்வளவுதான் சொன்னார். அதிகாரி பக்கத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் போய், ஏட்டின் மேல் புகார் எழுதக் காகிதத்தை எடுத்தார். ஏட்டின் பதவியைக் காட்டும் கைப்பட்டை போகப்போகிறது என்று மூவருக்கும் தெரிந்தது. என் வார்த்தை எடுபட்டதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வேகம் குறைந்த தோட்டாவுக்கும் ஈடுகொடுக்கும்படி தோட்டா ஏறும் பாதையைக் கொஞ்சம் தேய்த்துவிடலாம் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரத்தை எடுத்தேன். தேய்த்த இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது என்பதால் ஒரு கணம் தயங்கி, பிஸ்டலை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தேன். சூடேறிய இரும்பிலிருந்து சந்தன வாசம் வந்தது.

காலிக் குப்பியைக் கவ்வி இழுக்கும் சின்னக் கொக்கி ஒன்று பிஸ்டலின் பக்கவாட்டில் உண்டு. நான் பொட்டு வைத்த இடம் அதுதான். சந்தனமும் எண்ணெயும் கலந்து அதன் அடியில் பசையாக இறுகியிருந்தது. ஊசியால் சுரண்டினால் குங்குமச் சிவப்போடு வந்தது.

சுரண்டிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் கெட்டது தோட்டா என்றே இருக்கும். என் பெயருக்கும் பங்கம் வராது. அப்படி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பீடி பிடிக்கும் நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஊசி முனையில் அந்தப் பசையோடு கூடாரத்துக்குள் போனேன்.

"தோட்டா மேல தப்பில்லீங்க. பொட்டு வெச்சது நானு."

அதிகாரி பிஸ்டலைக் கழற்றித் துடைக்கச் சொல்லி, அதே பெட்டித் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை. குறி மட்டும் இரண்டு விரற்கடை இடப்பக்கம் விழுந்தது. குறிபார்க்கப் பின்பக்கம் இருக்கும் பின்குறியைப் பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி நகர்த்தினேன். அடுத்த ஐந்தும் நடுவட்டத்தில் விழுந்தன. அதிகாரி உள்ளே போய் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

திரும்பும்போது ஏட்டோடு நடந்தேன். மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார், "ரெண்டாந்தடவ நின்னப்பவே வாசம் அடிச்சுதுங்க."

நான் நடையை நிறுத்திவிட்டேன். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? பட்டை போயிருக்குமே."

"சாமிக்கு வெச்ச பொட்டால கெட்டுதுன்னு என்ற வாயால எப்படீங்க சொல்றது? அதுக்கு நனஞ்ச தோட்டாவாவே இருந்துட்டுப் போவட்டும்னு நின்னுட்டேனுங்க."

மறுவருஷம் பூசையில் சந்தனக் கிண்ணத்தை ஏட்டின் கையில் கொடுத்தேன். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் வைத்து முடித்தபின், பிஸ்டலைத் தோலுறைக்குள் போட்டு மூடி, உறையின் மேல் ஒரு பொட்டு வைத்தார்.