கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. முதுகில் மாட்டுகிற பை. அடியில் காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு டோர்ச், ஒரு சாரம். அதற்கு மேலே முழுக்கத் தீனி: கிரீம் விசுக்கோத்து, குளுக்கோஸ், டொபி, மிக்சர், பால்மா. எந்த நேரத்தில் ஓடச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கான பை அது. யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஓ.எல். சோதனை எழுதுகிறார்கள். ஆனாலும் வன்னியில் இப்படிப் பை தொங்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எங்களுடையது அவற்றில் ஒன்று.

நாங்கள் பிந்திக் கல்யாணம் செய்தவர்கள். பிள்ளைகள் இல்லை. நான் பூவரசங்குளத்துக்காரி. கடைசி யுத்தம் நடந்தபோது வவுனியாப் பக்கம் இருந்தேன். அவர் முல்லைத்தீவுப் பக்கம், கடைசிவரை உள்ளே இருந்தவர். மீள்குடியேறி, கிளிநொச்சியில் வயலைத் திருத்தி விதைக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குப் பேச்சு நடந்தது. "மாப்பிள்ளையின்ர தாய் இடம்பெயர்வில செத்துப்போனா" என்று தரகர் சொன்னார். எந்த இடத்தில் என்று என் அண்ணன் கேட்டார். எந்த மாதம் என்று கேட்டார். எப்படி என்று கேட்கவில்லை. இங்கே அதை யாரும் கேட்பதில்லை. அவரவர் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போம், சொல்லாவிட்டால் விட்டுவிடுவோம். அதை நாங்கள் மரியாதை என்று நினைக்கிறோம். ஷெல் விழுந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கல்யாணமான புதிதில் பையில் ரஸ்க்கும் பருப்பும் கொஞ்சம் சீனியும்தான் இருந்தன. எனக்குச் சலரோகம், சீனி வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்ன கிழமையே அவர் சந்தைக்குப் போய், இருக்கிற இனிப்பெல்லாம் வாங்கி வந்து பையை ஊதவைத்தார். எனக்கு நோய் வந்ததைக் கொண்டாடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். கேட்டதற்கு ஒரே பதில்தான்.

"வீட்டில இனிப்பு இல்லாமல் இருக்கப்படாது. உமக்கு விளங்காது."

பையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். திகதி முடியப்போகிற பக்கற்றுகளை அவர் வெளியே எடுத்துவிட்டுப் புதியவற்றை உள்ளே வைப்பார். எடுத்தவற்றை எறியவும் விடமாட்டார். சோற்றுப் பருக்கையைக்கூட நிலத்திலிருந்து பொறுக்கிக் கழுவிச் சாப்பிடுகிற மனிதர். அதனால் அவ்வளவும் அடுப்படியில், குசினித் தட்டில் இருக்கிற தகரப் பேணிக்குள் போகும். அவர் விடிய வயலுக்குப் போய்விடுவார். நான் நாள் முழுக்க வீட்டில் தையல் மெஷினோடு இருப்பேன், பள்ளிக்கூடச் சீருடை தைப்பேன். குசினிக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

காலையில் குரக்கன் புட்டும் வல்லாரைச் சம்பலும். மத்தியானம் அளந்து போட்ட சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பாகற்காய். ஒரு துறவியைப் போலச் சாப்பிடுவேன். பின்னேரம் மூன்று மணிக்கு, ஒரு காற்சட்டைக்கு இடுப்புப்பட்டி தைத்து முடித்ததும், கால்கள் தாமாக எழுந்து குசினிக்குப் போகும். திகதி முடியப்போகிறது, வீணாகப் போகுதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு பேணியைத் திறப்பேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு. ஒரு விசுக்கோத்து என்று தொடங்கினால் பக்கற் முடிந்துவிடும். பிறகு வெறுங்கடதாசியைப் பார்க்கும்போது அழுகை வரும், கூடவே அவர்மீது கோபமும் வரும்.

அவரோ என் மருந்துக் குளிசைகளுக்குக் காவல் நிற்பார். "இஞ்சேரும், குளிசை போட்டீரே? சாப்பிட்டிட்டோ போட்டனீர்?" காலையில் அது, மாலையில் அது. வெறுவயிற்றில் நான் குளிசையைக் கையில் எடுத்தால் தட்டிப் பறித்துவிடுவார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நான் சொல்லிக்காட்டுவேன். சிரிக்க மாட்டார்.

கிளினிக்கில் என்னோடு காத்திருப்பு வாங்கில் இருக்கிற பெண்கள் எல்லாரும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். இரத்தம் எடுக்கிற நாளுக்கு முந்தின சில நாள் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகப் போய் நிற்பது. நானும் அப்படித்தான். ஆனால் கால் அந்த ஏமாற்றுக்கு மசியவில்லை. மெஷினுக்குக் கீழே விழுந்து கிடந்த குண்டூசி ஒன்று இடது கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. நான் உணரவேயில்லை. தைத்த சீருடையில் இரத்தக்கறை பட்டதைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். புண் ஆறவில்லை. "இது ஆறாட்டி விரலைக் கழட்ட வேண்டி வரும். வீட்டில இனிப்புச் சாமான் ஒண்டும் வைக்காதேங்கோ" என்று டொக்டர் சொன்னார். என் கால் இல்லாவிட்டால் மெஷின் இல்லை. மெஷின் இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. பேணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிகளுக்கு விசிறினேன். கிரீம் விசுக்கோத்தைக் கொத்திக்கொண்டு கோழிகள் முற்றம் முழுக்க ஓடின. அவர் தடுக்கவில்லை. பைக்கும் கை நீட்டினேன். அப்போதுதான் வந்து கதவுக்கு முன்னால் நின்றார்.

"உதில மட்டும் கை வையாதையும்."

"உங்களுக்கு என்ர கால் முக்கியமோ, உந்தப் பை முக்கியமோ?"

 கதவோடு சாய்ந்து நின்றார், அவ்வளவுதான். பதில் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு சில கிழமைகள் வேண்டியதற்கு மட்டும் கதைத்தோம்.

கார்த்திகை மழை விடாமல் பெய்தது. குளம் நிரம்பிவிட்டது, வான் கதவுகளைத் திறக்கப்போகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒழுங்கைக்குள் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்பே அவர் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் புண்ணைத் துணியால் கட்டி, அதற்கு மேல் பொலித்தீன் ஷொப்பிங் பையை இறுக்கிக் கட்டினேன். முழங்கால் அளவு தண்ணீரில், ஊர் ஒதுங்கிய பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். போய்ச் சேர்ந்து அவிழ்த்துப் பார்த்தால் ஷொப்பிங் பைக்குள் சேற்றுத்தண்ணீர்.

அடுத்த நாள் காலையில் எனக்குக் குளிர் எடுத்தது. வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தேன். மத்தியானம் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, நாக்குத் தடித்தது. கால் தீயாய் எரிந்தது. இது காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். 

"குளிசை போட்டனீரோ?"

"ஓம், விடியப் போட்டனான்."

"சாப்பிட்டனீரோ?"

"வாய்க்குப் பிடிக்கேல்லை. ரெண்டு வாய்தான்…"

அவர் முகம் செத்துப்போனது. பையைக் கிழிக்கிற மாதிரித் திறந்தார். குளுக்கோஸ் பக்கற்றைப் பல்லால் கடித்துப் பிரித்து, கோப்பையில் பாதிக்கு மேல் கொட்டி, போத்தல் தண்ணீரை ஊற்றிக் கரைத்துக்கொண்டு வந்தார்.

"இது காய்ச்சலப்பா. கால் எரியுது. எனக்கு வேண்டாம்."

"குடியும்."

"எனக்குச் சீனி கூடும். டொக்டர் சொன்னவர்தானே…"

"குடியும் எண்டுறன்! குடியும்!"

வகுப்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். கோப்பையை என் உதட்டில் வைத்து அழுத்தினார், பல்லில் பட்டு வலித்தது. அவருடைய கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வேறெதையோ பார்த்தன. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். குடித்ததும் அவர் நிலத்தில் குந்தி இருந்து மூச்சு வாங்கினார்.

பின்னேரம் நடமாடும் மருத்துவக் குழு வந்தது. இளம் மிஸி, தாதிப் பெண் ஒருத்தி, என் விரலில் குத்திச் சீனி பார்க்கிற மெஷினில் பார்த்தாள். மறுபடி குத்திப் பார்த்தாள். இலக்கம் வரவில்லை, அந்த மெஷினால் காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது.

"அம்மா, என்ன சாப்பிட்டனீங்கள்?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்றார். வெறுங்கோப்பை இன்னும் கையில் இருந்தது.

"நான்தான் மிஸி குடுத்தனான். வேர்த்தது. கை நடுங்கினது. என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் வேர்த்தது."

பிறகு நிறுத்தவேயில்லை. என்னைப் பார்க்காமல் அந்த மிஸியிடமே சொன்னார். அம்மாவுக்கும் சலரோகம். கடைசி மாதங்களில் தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்தார்கள். சாப்பாடு இல்லை, ஆனால் அம்மாவின் குளிசைகள் மட்டும் மிச்சம் இருந்தன. நோய் கூடிவிடும் என்று அன்று காலையில் அவர்தான் குளிசையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கஞ்சி வாங்க வரிசையில் போய் நின்றார். ஷெல் விழ எல்லாரும் ஓடினார்கள், பிறகு மறுபடி வரிசை. கஞ்சியோடு வரும்போது அம்மா வேர்த்து நனைந்து, நடுங்கி, வாய் குழறிக்கொண்டிருந்தா. பக்கத்துக் கொட்டிலில் இருந்த வயதான கொம்பவுண்டர் ஒருவர் பார்த்துவிட்டு, சீனி இறங்கிவிட்டது, ஒரு கரண்டி சீனி கரைத்துக் கொடுத்தால் எழும்பிவிடுவா என்றாராம்.

"கொட்டில் கொட்டிலாக் கேட்டனான் மிஸி. ஒரு கரண்டி சீனி. ஒருத்தரிட்டையும் இல்லை."

மிஸி அவருடைய கையிலிருந்த கோப்பையை மெதுவாக வாங்கி வைத்தாள். "ஐயா, உங்கட அம்மாவுக்கு அண்டைக்குச் சீனி இறங்கினது. இவவுக்கு இண்டைக்கு ஏறியிருக்கு. வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்" என்றாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். நான் மேசையில் கிடந்துகொண்டு கேட்டேன். இத்தனை வருசமும் ஒரே பாயில் படுத்த மனிதரின் கதையை, யாரோ ஒரு பெண்ணுக்கு அவர் சொல்லத்தான் நான் தெரிந்துகொண்டேன். எப்படி என்று ஒருநாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ தெரியாது. சொல்லியிருந்தால் அந்தப் பேணியைப் பார்த்து நான் வேறுமாதிரிக் கோபப்பட்டிருப்பேன். கோபம் வராமல் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் சீனியை இறக்குவதற்கே நாட்கள் போயின. அதற்குள் விரல் கறுத்துவிட்டது. சுண்டுவிரலைக் கழட்டினார்கள். அவர் கட்டிலடியில் நின்று, போர்வைக்கு வெளியே தெரிந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் குடுத்ததால இல்லை, வெள்ளத்தண்ணியாலதான்" என்று சொன்னேன். முழு உண்மை எதுவென்று எனக்குத் தெரியாது. அவர் நம்பவுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது பேணி இல்லை. பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு சின்ன குளுக்கோஸ் பக்கற், அதோடு விரலில் குத்திப் பார்க்கிற மெஷின். முதலில் மெஷின், பிறகுதான் பக்கற் என்று மிஸி அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறாள். இப்போது வயலுக்குப் போகுமுன் என் விரலைப் பிடித்து இலக்கம் பார்க்கிறார். வலிக்கப் பிடிக்கிறார். புண் இன்னும் முழுதாக மூடவில்லை, பக்கத்து விரலின் நிறமும் எனக்குப் பிடிக்கவில்லை. தையல் மெஷினை வலது காலால் மட்டும் மிதித்துப் பழகுகிறேன்.

மாசி மாதத்தில் அவருடைய அம்மாவின் திவசம் வந்தது. ஒவ்வொரு வருசமும் நான் இலையில் சோறு கறி எல்லாம் படைத்த பிறகு, அவர் வந்து ஓரத்தில் ஒரு கரண்டி வெள்ளைச் சீனி வைப்பார். மாமிக்கு இனிப்பில் அவ்வளவு ஆசையாக்கும் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். இந்த முறை அவர் எழும்புவதற்கு முன், நொண்டிக்கொண்டு போய் நானே சீனியைக் கரண்டி குவிய அள்ளி வந்து இலையில் வைத்தேன். 

படைத்ததை வீட்டில் உள்ளவர்கள் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். சோறு பிசைந்து எனக்கு ஒரு கவளம் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு சீனிக்குக் கை நீட்டினேன். மாமிக்காக ஒரு கிள்ளு, அவ்வளவுதான்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"உமக்கு வேண்டாம்" என்றார். அந்தக் கரண்டிச் சீனி முழுவதையும் தன்னுடைய வாயில் போட்டுக்கொண்டு, விழுங்க முடியாமல் அழுதார்.