வேட்டி விளம்பரத்தில் நின்றவர்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி உயரப் பேனரில் எங்கள் அண்ணா வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. கழுத்து மொழுமொழுவென்று இருந்தது. தீபாவளி நெருங்கிய அந்த நாட்களில் ஊரே அவரைக் கிண்டல் செய்துகொண்டிருக்க, நான் மட்டும் அந்தப் பக்கம் தலை நிமிராமல் போய்வந்தேன். அந்தக் கழுத்து பொய் என்று எனக்குத் தெரியும். பொய்யாக்கியதே நான்தான்.

அண்ணா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, எங்கள் ஸ்டுடியோ முதலாளி. ஏழு வருடம் அவரிடம் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் வேலை பார்த்ததில் வந்த உறவு. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் என்று திருவண்ணாமலையில் அவர் படம் பிடிக்காத முகம் குறைவு. ஆனால் தன்னை யாரும் படமெடுக்க விடமாட்டார். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய மாடல் கடைசி நேரத்தில் வரவில்லை. கடைக்காரர், மீசை நன்றாகத்தானே இருக்கிறது, நீயே நில் என்று விடாப்பிடியாகச் சொல்லிவிட்டார். பழைய வாடிக்கையாளர். அண்ணாவால் மறுக்க முடியவில்லை.

அடி அண்ணாமலை தாண்டிக் கிரிவலப் பாதையோரம், காலை ஏழு மணி, பின்னால் மலை. கேமராவை அவரே ஸ்டாண்டில் பொருத்தினார்; பட்டனை அழுத்தியது நான். ‘தாடையைத் தூக்குங்க, தோளை எறக்குங்க’ என்று ஊரையே அதட்டியவருக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேட்டியில் போய் பாக்கெட்டைத் தேடினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. இடது பக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று இரண்டு மூன்று முறை சொன்னார். வெயில் அந்தப் பக்கம்தான் விழுந்தது, வேறு வழியில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கியபோது, இடது காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மேடு தெரிந்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில் இருந்தது. எத்தனையோ கழுத்துகளைப் பார்த்தவள் நான்; நிழல் எது, வீக்கம் எது என்று தெரியாதவள் இல்லை. திரும்பினால், அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“அதை எடுத்துடும்மா. வீட்ல சொல்லிக்க வேணாம்.”

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். கார்த்திகை தீபம் முடியட்டும், வேலை ஜாஸ்தியாகக் கிடக்கிறது என்றார். மணப்பெண்ணின் பருவை அழிப்பதுபோல அழித்தேன். இரண்டு நிமிட வேலை. சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தீபாவளி போனது, தீபமும் போனது. பேனரில் இருந்தவர் அப்படியே இருந்தார். ஸ்டுடியோவுக்கு வந்தவர்தான் மாறிக்கொண்டே வந்தார். முதலில் காலர் பொத்தானைப் போட்டார். பிறகு கழுத்தைச் சுற்றித் துண்டு வந்தது. குரல் கம்மியது, மதியச் சாப்பாடு அப்படியே வீடு திரும்பியது. ஆட்டோக்காரர்கள் ‘மாடல் சார்’ என்று கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், பொங்கல் கழியட்டும் என்பார். ஒருநாள் துணிந்து, அண்ணியிடம் சொல்லிவிடுவதென்றே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மாசியில் ஒரு மதியம் அண்ணி ஸ்டுடியோவுக்கு வந்தார். முந்தின நாள்தான் கட்டியைக் கண்டுபிடித்து அண்ணாவை டாக்டரிடம் இழுத்துப் போயிருக்கிறார். அண்ணா துண்டோடு கவுண்டரில் உட்கார்ந்திருக்க, அண்ணி நேராக என்னிடம் வந்து போனை நீட்டினார். அதில் பேனர் படம்.

“எப்போலேர்ந்து இருக்குதுனு டாக்டர் கேட்டாரும்மா. இப்பதான் வந்துச்சுனு இவரு சொல்றாரு. தீபாவளிக்கு இல்லைங்கனு நானும் இந்தப் படத்தைக் காட்டிட்டு வந்தேன். சரிதானே?”

டாக்டரிடம் அந்தப் பொய் நிற்கக் கூடாது. திருத்தாத படத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அண்ணி வெகுநேரம் பார்த்தார். கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

“யாரு அழிச்சது?”

நான் அண்ணாவைப் பார்த்தேன். அன்றைக்கு நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டதையே வாய் திறக்காமல் மறுபடி கேட்டார்.

“நான்தான் அண்ணி. வலியில்லாத கட்டி, அவருக்கே தெரிஞ்சிருக்காது. அவரு படத்தைப் பாக்கவும் இல்ல.”

ஆடியில் அண்ணா போய்விட்டார். அண்ணி இப்போது தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முன்பே வாயைத் திறந்திருந்தால் அண்ணா பிழைத்திருப்பாரோ என்னவோ; அந்தக் கோபம் எனக்கு வரவேண்டியதுதான். கட்டின புருஷன் தன்னிடமே மறைத்தார் என்று தெரிவதைவிட என்னை வெறுப்பது அவருக்குச் சுலபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாட்கள் அதை நம்பவும் முடிகிறது.