அரை நிமிடப் படத்தில் அம்மாவின் முகம்

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் விளம்பரப் படங்களை விரலால் தள்ளிவிட்டுப் போகும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அரை நிமிடம் பார்த்தால் குடியா முழுகிவிடும்?

ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தோட்டத்துத் தேயிலைக்கு அப்படியொரு படம் எடுத்தார்கள். கொழுந்து பறித்துக் காட்ட அம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கண்டியில் புடவைக்கடையில் வேலை செய்த நான் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கச் சொல்லிப் புதுச் சேலை கொடுத்தார்கள். ஒரே செடியைத் திரும்பத் திரும்பப் பறித்ததில் அது மொட்டையாகிவிட்டது. பறித்த கொழுந்தையே இலைகளுக்கிடையில் செருகிவைத்து மறுபடி பறிக்க வைத்தார்கள். அட்டை கடித்து இரத்தம் வழிந்தும் அம்மா அசையவில்லை. சேலையில் கறை படுமே என்றுதான் அவளுக்குக் கவலை.

எல்லாம் செய்தவளுக்கு நிமிர்ந்து பார்ப்பது மட்டும் முடியவில்லை. தோட்டத்து மேனேஜரான துரை வந்து நின்றால் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்தெடுப்பதுதான் எங்கள் மலையில் பழக்கம். வீடியோக்காரர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். "அம்மா, இங்க பாருங்க" என்று கெஞ்சாத குறை. நிமிர்வாள். கேமராவுக்குப் பின்னால் துரையைக் கண்டதும் முகம் தானாகக் கீழே போய்விடும்.

"தொர நிக்கிறாருங்க தம்பி" என்றாள் மெதுவாக. துரையைத் தள்ளி நிற்கச் சொல்ல அங்கே யாருக்குத் தைரியம்?

படம் வெளியானதும் என் போனில் அம்மாவுக்குக் காட்டினேன். கண் சிமிட்டும் நேரத்துக்கு அம்மாவின் கைகள் மட்டும் வந்தன. "ஒன் கை நடிகையாயிருச்சு" என்று கேலி செய்தேன். சிரித்தாள். பிறகு, "மொகம் வரலியா?" என்று கேட்டுவிட்டு போனைத் திருப்பித் தந்தாள்.

அந்த மழைக்காலத்திலேயே அம்மா செத்துப்போனாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். யாரோ ஒருத்தியின் மிரண்ட முகம் அது. எனக்குப் பொறுக்கவில்லை. கருமாதி முடிந்ததும் வீடியோக்காரரைத் தேடிப் போனேன்.

"வேல முடிஞ்சா அழிச்சிரணும் தங்கச்சி. எனக்குத்தான் மனசு வராது. எல்லாம் அப்பிடியே எங்கிட்ட ஈக்கி" என்றார். கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு என்னோடு உட்கார்ந்து முழுவதையும் ஓடவிட்டார். அவர் மூச்சு வாங்குவதும் சரிவில் சறுக்கி விழுவதும்கூட அதில் கேட்டன. அரை நிமிடத்துக்கு இவ்வளவா என்றிருந்தது. ஆனால் எதிலும் அம்மா குனிந்தபடியே இருந்தாள்.

கடைசித் துண்டில், கேமரா எங்கோ கீழே வைக்கப்பட்டு நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அம்மா நிமிர்ந்தாள். வாய் நிறையச் சிரித்தாள்.

"தொர போயிட்டாருங்க. இப்ப எடுங்க தம்பி."

"வெளிச்சம் போயிட்டும்மா. வேல முடிஞ்சி" என்றது அவருடைய குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் குரலைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அழுதுகொண்டே அந்தச் சிரிப்பில் நிறுத்தச் சொன்னேன். அதுதான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தன் முகம் படத்தில் விழுந்துவிட்டது அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.