பாக்கெட்டில் நிற்காத கை

சவூதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் ரகசியமாகப் பூசை வைக்க வந்த ஆயரை நான்தான் வேனில் கூட்டிப்போனேன். ஏசி மெக்கானிக் போல நீலச் சட்டை, டூல்ஸ் பெட்டி, எல்லாம் கச்சிதம். ஆனால் ஆளைக் கண்டால் போதும், வலது கை தானாக எழுந்து ஆசீர் கொடுக்கும்.

"ஆண்டவரே, கைய பாக்கெட்டுல வைங்க. மாட்டினா நமக்கெல்லாம் ஜெயிலுதான்!" என்று வழி நெடுகக் கெஞ்சினேன்.

"சரிப்பா" என்றார். கேட்டில் பெட்டியைக் குடைந்து பார்த்த காவலாளிக்கே ஆசீர் கொடுத்தார்! எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அவன் சலாம் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்தான்.

"அவனுக்கு எதுக்கு ஆண்டவரே?" என்று உள்ளே போய்ச் சீறினேன்.

"நாள் பூரா வெயில்ல நிக்கிறானேப்பா."

அதோடு விட்டதா? இன்றும் என் வேனை நிறுத்தி, அந்த மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டு உயிரை வாங்குகிறான் காவலாளி.