மலிவான ஊருக்குப் போகும் வேலை

எங்கள் கணினித் தொழிலில் இதற்குக் கே.டி., அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், என்று பெயர். தன் வேலையை இன்னொருவருக்குத் திரையில் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது. நான் ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் ஓர் அமெரிக்கப் பெண்மணி எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்கு நான் கிடைத்தேன். அந்தச் சிறு பங்கில்தான் ஹப்சிகுடாவில் வீடு வாங்கினேன். கற்றுக்கொடுத்த கடைசி வாரம் அவர் தன் கேமராவை அணைத்துவிட்டார். இணையம் சரியில்லை என்றார். நம்பினேன்.

இப்போது நான் கற்றுக்கொடுக்கிறேன். எதிரே கென்யாவிலிருந்து ஓர் இளம்பெண், கெட்டிக்காரி. என்னைவிட மலிவாகக் கிடைத்திருக்கிறாள். நாடுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தைப் பார்த்துத்தான் இந்த வேலை இங்கே ஓடி வந்தது. இன்னும் ஆழமான பள்ளம் தெரிந்ததும் அங்கே ஓடுகிறது. எனக்கு வேறு பிரிவில் இடம் உண்டு என்றார் மேலாளர். எந்தப் பிரிவு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

வகுப்பு வீட்டிலிருந்துதான். சமையலுக்கு வரும் அம்மாள் மௌலா அலியில் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். ஆங்கிலம் தெரியாது, என் குரலை வைத்தே கண்டுகொள்வார். நேற்று காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெனமும் என்ன சார் சொல்லித் தர்றீங்க?"

என் வேலையை, என்றேன்.

"கைக்கு சார், எதுக்கு? அப்புறம் நீங்க?"

வேறு வேலை தருவார்கள் என்றேன்.

"மேல் வீட்டு சாரும் அப்படித்தான் சொன்னாரு. அடுத்த மாசமே சமையலுக்கு ஆள் நக்கோ, வேணாம்னுட்டாங்க."

மேல் வீடு பிறகு விற்பனையானது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரே வாங்கி, நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறார். இடிக்கும் சத்தம் வகுப்பிலும் கேட்கும்.

"எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க சார். வேற வீடு பாக்கணும்."

எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு படியையும் படத்தோடு எழுதி வைத்திருந்தேன். அதனால் பாடம் குறித்த நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இன்று காலை மேலாளரிடமிருந்து பாராட்டு வந்தது. கூடவே, வேலையில் என் கடைசி நாளை இன்னும் முன்னதாக மாற்றியிருந்தார்கள். வேறு பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வகுப்பில் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, உங்கள் முகம் தெரியவில்லையே, இணையம் சரியில்லையா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.