டைப்பிங் அக்காவின் பொதுப் பட்டியல்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பத்தொன்பது வருடமாக ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து தருகிறவரை எல்லோரும் டைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேராசிரியர்களுக்கும் அக்கா, அவர்களிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அக்கா. கடை ஒரு கார் நிற்கிற அளவுதான். முன்னால் அக்காவின் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின், பின்னால் பசை வாளியோடு பைண்டிங் போடும் கணவர்.

அக்காவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பென் டிரைவை நீட்டினால் வைரஸ் இருக்குமோ என்பார். "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்" என்று சொன்னால் மூஞ்சியை ஒரு பார்வை பார்ப்பார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாராளம். கடைசி நாளில் அரக்கப்பரக்க ஓடி வந்து, "அக்கா, ரெஃபரன்ஸ் லிஸ்ட் போடல" என்று நிற்கிறவர்களுக்கு 'பொது' என்ற கோப்பைத் திறந்து, நாற்பது நூல்களை அப்படியே இறக்கிக் கொடுப்பார். அதில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. வாங்கிப் போனவர்களும் கண்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பாடம் நடத்தச் சேர்ந்த மேடம் ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். கையிலிருந்த தாளில் பன்னிரண்டு நூல்களின் விவரம்.

"அக்கா, இது துண்டு துண்டா வேணும். எழுதினவர் பேர் மஞ்சள் அட்டையில, வருஷம் நீலத்துல, புக்கு பேர் பச்சையில, பதிப்பகம் வெள்ளையில. ஒரு புக்குக்கு ஒரு நம்பர், மூலையில போட்ருங்க. எல்லாத்துக்கும் லேமினேஷன்."

"எதுக்கு மேடம்?"

"விளையாடத்தான்."

இத்தனை படித்தவர் விளையாடவா அட்டை அடிப்பார்? அக்கா தாளை மேலிருந்து கீழே படித்தார். ஏழாவது வரியை மறுபடி படித்தார். 'பொது' கோப்பில் இருக்கும் வரி. ஓர் எழுத்துப் பிசகில்லை.

மேடம் போனதும் கணவர் பசைக் கையோடு எட்டிப் பார்த்தார். "அந்த அம்மா உளவு பாக்க வந்திருக்கு. நம்ம கையாலயே அடிக்க வச்சு சாட்சி தேடுது."

"சும்மா இருங்க, நானே பயந்து கெடக்கேன்."

மறுநாள் அட்டைகளைத் தானே கொண்டுபோனார். ஆள் எப்படி என்று நேரில் பார்த்துவிட வேண்டும்.

வகுப்பறையில் மேசைகளை ஓரம் தள்ளி, சுவருக்குச் சுவர் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு கூடை நிறைய துணி கிளிப். மேடம் அட்டைகளைக் கலைத்துத் தரையில் கொட்டினார். எழுதியவர், ஆண்டு, நூல், பதிப்பகம் என்று வரிசை தப்பாமல் கொடியில் மாட்ட வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் முழங்காலில் தவழ்ந்து சண்டை போட்டார்கள். "டேய், என் வருஷத்த எங்கடா ஒளிச்சு வச்ச?" என்று ஒருத்தி கத்தினாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கதவோரம் நின்ற அக்கா அந்தச் சிரிப்பையும் நம்பவில்லை.

அடுத்து, நூலகத்துக்கு ஓடி, கொடியில் தொங்குகிற நூல்களைக் கையோடு எடுத்து வர வேண்டும். அக்கா அப்போதே கிளம்பியிருக்கலாம். ஏழாம் எண் அட்டையைப் பார்த்தபடி நின்றார். பதினொரு நூல்கள் வந்து சேர்ந்தன. ஏழாம் எண்ணைத் தேடிப் போன பெண் மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.

"மேடம், இவர் இப்படி ஒரு புக்கு எழுதவே இல்லையாம்."

"பதினாலு ஆய்வேட்டுல இருக்கே! பதினாலு பேர் படிச்ச புக்கு எப்படி இல்லாம போகும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடத்தின் பார்வை ஒரு சுற்றுச் சுற்றிக் கதவருகே வந்து நின்றதுபோல அக்காவுக்குப் பட்டது. தெரிந்துகொண்டே கேட்கிறாரா? கடை திறந்த புதிதில் 'பொது' கோப்புக்கு மூலமான கையெழுத்துப் பட்டியல் ஒன்றை அடித்துக்கொண்டிருந்ததும், நடுவில் கரண்ட் போனதும் நினைவில் வந்தன.

"அது ரெண்டு புக்கு மேடம்." குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "மேல் வரியில உள்ள பேர், கீழ் வரியில உள்ள புக்கு. கரண்ட் வந்ததும் நான்தான் கண்ணு தப்பி ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன். அதையே எல்லாருக்கும் போட்டுக் குடுத்தேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தார். மேடம் வேறு ஒன்று கேட்டார்: "அப்போ அந்தப் புக்க எழுதினது யாரு?"

அக்காவுக்குத் தெரியவில்லை. அதே பெண் மறுபடி ஓடினாள். நூலின் பெயரை மட்டும் வைத்துத் தேடி, மண்ணரிப்பைப் பற்றிய ஒரு மெல்லிய நூலோடு திரும்பினாள். எழுதியவர் ஒரு பெண். பதினான்கு ஆய்வேடுகளில் ஒன்றில்கூட அந்த அம்மாளின் பெயர் இல்லை. அக்கா நூலின் அட்டையைத் தடவிப் பார்த்தார். வெற்று மஞ்சள் அட்டை ஒன்றில் பெயரைத் தன் கையால் எழுதி, கொடியில் மாட்டினார்.

கடைக்கு வந்ததும் 'பொது' கோப்பை அழித்தார். இப்போதெல்லாம் லிஸ்ட் கேட்கிறவர்களிடம், "நீ படிச்சத மட்டும் சொல்லு, அடிச்சுத் தர்றேன்" என்கிறார். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். கணவர் முணுமுணுக்கிறார்.

மேடம் மட்டும் மாதம் தவறாமல் அட்டை அடிக்க வருகிறார், சிரித்துப் பேசுகிறார். முதல் நாளே எல்லாம் தெரிந்துதான் வந்தாரா என்று அக்கா இதுவரை கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.